மேடம் காதில் என் அம்மா

சீரியலில் கதாநாயகி பேசும் வசனம் முதலில் யார் வாயிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் வாயிலிருந்து வருகிறது. கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணித் தடுப்பு, அதற்குப் பின்னால் கால் ஆடும் ஒரு ஸ்டூல், மடியில் வசனத் தாள்கள், வாய்க்கு நேரே கட்டைவிரல் அளவுக்கு ஒரு மைக். இதுதான் என் ஆபீஸ். மேடத்தின் வலது காதுக்குள், முடி மறைக்கிற இடத்தில், பட்டாணி அளவில் ஒரு கருவி இருக்கும். நான் முணுமுணுப்பது அதில் கேட்கும். நான் நாலு வார்த்தை சொல்வேன், அவர் அந்த நாலையும் அழுதுகொண்டோ அதட்டிக்கொண்டோ சொல்வார். பதினொரு வருடமாக இப்படித்தான் இரண்டு பேரும் பிழைக்கிறோம். பாடம் எழுதச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் செட்டில் எனக்குப் பெயர் டீச்சர்.

மேடம் வசனத் தாளைத் தொட்டதே கிடையாது. ஒரே மாதத்தில் ஒரு தொடரில் நீதிபதி, இன்னொன்றில் படுத்த படுக்கையான மாமியார், எங்களுடையதில் வேறொரு ஆள். எல்லாவற்றையும் படித்தால் மூளை கலங்கிவிடும் என்பார். நியாயம்தான். அவருக்குக் காதில் விழுவது நேராக வாய்க்கு வந்துவிடும், நடுவில் எங்கும் நிற்காது. அவருடைய மௌனத்தை ஒரு வாரப் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளியது. அந்த மௌனம் வேறொன்றுமில்லை, நான் தாளைத் திருப்புகிற நேரம்.

ஒருமுறை, புருஷன் பிணத்தின்மேல் விழுந்து அழுகிற காட்சி. மைக்கை அணைக்க மறந்து, பக்கத்தில் போன விளக்குக்காரரிடம், "யாருங்க என் செருப்பை எடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். மேடம் பிணத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கி, கண்ணீர் தாரைதாரையாக வழிய, "யாருங்க என் செருப்பை எடுத்தது?" என்று கதறினார். பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து செட்டில் ஒரு சட்டம். மைக் உயிரோடு இருக்கும்போது டீச்சர் வசனத்தைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் தொடரின் பெயர் 'பதினாறாம் வார்டு'. விபச்சார விடுதி நடத்துகிற ஒருத்தி, தன் தெருவுக்குத் தண்ணீர் விடாத ஆத்திரத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறாள் என்பது கதை. அதை ஒரு நாள் விடாமல் பார்க்கிற ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள். என் அம்மா. எழுபத்தோரு வயது. நாற்காலியை டிவியில் முட்டுகிற அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தத்தை அடியோடு குறைத்துவைத்துப் பார்ப்பாள்.

"கொஞ்சம் சத்தமா வெச்சாத்தான் என்னம்மா?"

"பக்கத்து வீட்டுல கேக்கும். இந்த வயசுல இந்தக் கதையைப் பாக்குதேன்னு கண்ணு காது மூக்கு வெச்சுப் பேசுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நீ நாலு பேரோட பழகறவ, உனக்கு எதுக்கு வம்பு?"

சும்மா பார்க்கிற பழக்கமும் கிடையாது. "எட்டுப் பொண்ணுங்க இருக்கற வீட்டுல ஒரே ஒரு கண்ணாடியா? மண்டை உடைஞ்சிருக்கும்" என்பாள். இன்னொரு நாள், "வாசக்கதவுல வெளிப்பக்கம் பூட்டு தொங்குதே, அது வீடா ஜெயிலா? சாவி உள்பக்கம் ஆணியில தொங்கணும்டி. போறேன்னு நினைக்கறவ எடுத்துத் திறந்துக்கிட்டுப் போகணும்" என்று கொதித்தாள். மறுநாள் நான் டைரக்டரிடம் போய், எங்கேயோ படித்தேன் என்று சொல்லி, சாவியை உள்பக்க ஆணிக்கு மாற்ற வைத்தேன். டீச்சருக்கு உலக ஞானம் அதிகம் என்றார்.

எனக்கு ஒரு ஞானமும் கிடையாது. என் அம்மா அப்படி ஒரு வீட்டைத்தான் பத்தொன்பது வருடம் நடத்தினாள். சந்தைக்குப் பின்னால், மாடியில் ஆறு அறை. தெருவில் அவள் பெயர் மாடிவீட்டம்மா. அவளைப் புனிதவதியாகப் பூசி மெழுக எனக்கு ஆசையில்லை, அவளுக்கும் அது பிடிக்காது. அந்தத் தொழிலில் என்ன கசப்பு உண்டோ அது அந்த வீட்டிலும் இருந்தது. ஆனால் இருபத்தொரு வயது ஆகாதவளை வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். கை நீட்டியவனைப் படியில் உருட்டிவிடுவாள். என்னை ஏழு வயதிலேயே ஊரின் மறுகோடியில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தாள். அங்கே எல்லாருக்கும் என் அம்மா தையல் கடைக்காரி. செட்டிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

எனக்குப் பதினாறு வயதில் அம்மா நிஜமாகவே வார்டு தேர்தலில் நின்றாள். தெருக்குழாயில் ஏழு மாதமாகத் தண்ணீர் இல்லை. மனு கொடுக்கப் போனவளை ஆபீசில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. உட்கார நாற்காலி தராவிட்டால் அந்த நாற்காலியையே கேட்கிறேன் என்று மறுநாளே வேட்புமனு கொடுத்துவிட்டாள்.

கடைசிக் கூட்டம் சந்தைத் திடலில் ஒரு சாயங்காலம். நான் நோட்டு வாங்கப் போகிற சாக்கில் பள்ளித் தோழி ஒருத்தியோடு அந்தப் பக்கம் போனேன். அம்மா மேடையில் நின்றாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து, "உன் தொழில் என்னன்னு சொல்லிட்டு ஓட்டுக் கேளு" என்று கத்தினான். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பேசினாள். காகிதத்தைப் பிரிக்காமலே பேசினாள். ஏழெட்டு வாக்கியம்தான், திடலே அடங்கிப்போனது. தோழி என் கையைக் கிள்ளி, "யாருடி இந்தம்மா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

இருபத்தெட்டு வருடமாக அந்த ஒரு சொல் என் தொண்டையில் நிற்கிறது. ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக்கொடுக்கிறேன், இதை மட்டும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மாவிடம் சொன்னதும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அன்று நான் பள்ளி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசியதை மட்டும் ஒரு எழுத்து மறக்காமல் வைத்திருந்தேன்.

தேர்தலில் அம்மா தோற்றாள். நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. "ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தவங்க எல்லாம் பட்டப்பகல்ல வரிசையில நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான்" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். ஜெயித்தவர் மூன்றாவது வாரமே குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அவள் மறுபடியும் மேடை ஏறிவிடுவாளோ என்ற பயம்தான்.

தொடர் நூற்றெண்பத்து நாலாவது பாகத்தை நெருங்கியது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா கேட்டாள், "அவ மேடை ஏறப் போறா போலிருக்கே. அங்க போய் மன்னிப்பு கின்னிப்பு கேட்டுட மாட்டாளே?"

"தெரியலம்மா."

"கேட்டா அன்னியோட இந்த டிவியைத் துணி போட்டு மூடிடுவேன். நமக்காகப் பேசறான்னு நம்பி அவ பின்னாடி எட்டுப் பேரு நிக்கறாளுங்க. இவ கால்ல விழுந்தா அவளுங்க மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாளுங்க?"

மறுநாள் காலை வசனத் தாள் கைக்கு வந்தது. 'மண்டியிட்டு, கதறி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் கீழே எழுதியிருந்தது: 'நான் பாவி. நான் அழுக்கு. இந்த ஊரோட காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்னை மன்னிச்சு எனக்கு ஒரு ஓட்டுப் போடுங்க.' வசனம் எழுதுகிறவர் மோசமான மனிதர் இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை, அப்படிப்பட்டவள் அப்படித்தான் பேசுவாள் என்று மனதார நம்புகிறவர். "தம்பி, இவ்வளவு அழணுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அழுதாத்தான் டீச்சர் ஜனங்க ஏத்துக்குவாங்க" என்றார்.

ஒரு மைதானத்தில் மேடை போட்டு, நிஜமான ஒலிபெருக்கியே கட்டி, அறுபது துணை நடிகர்களை உட்கார வைத்திருந்தார்கள். மேடம் முழங்காலுக்கு அடியில் வைக்க மெத்தென்று ஒரு துண்டுகூட விரித்தாகிவிட்டது. நான் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பிழைப்பு இது. வீட்டு வாடகையும் அம்மாவின் மாத்திரையும் இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போவதுதான் வேலை என்று எனக்கு நானே நாலு தடவை சொல்லிக்கொண்டேன்.

"ஆக்‌ஷன்."

கூட்டத்திலிருந்து வில்லனின் ஆள் எழுந்தான். "உன் தொழில் என்னன்னு சொல்லிட்டு ஓட்டுக் கேளு" என்றான்.

அதே வாக்கியம். எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள் போலிருக்கிறது. நான் தாளைப் பார்த்தேன். 'நான் பாவி' என்று இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. மேடம் காதில் எதுவும் விழவில்லை, அதனால் அவர் அப்படியே நின்றார். தலை நிமிர்ந்து, கண் இமைக்காமல், வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு. அது அன்று திடலில் என் அம்மா நின்ற நிற்பு. தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

"என் தொழில் என்னன்னு தெரியாதவங்க கை தூக்குங்க" என்றேன். மேடம் சொன்னார்.

அறுபது பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு கட்டளை தரப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

"பயப்படாதீங்க. யாரு பேரையும் சொல்ல மாட்டேன். பதினஞ்சு வருஷமா சொல்லாத வாய் இது."

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க மானத்தை இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்தவளுக்கு, உங்க தெருக்குழாயைப் பத்திரமா வெச்சிருக்கத் தெரியாதா?"

மேடம் மண்டியிடவில்லை. அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே மண்டியிட யாராலும் முடியாது. அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

"நான் மன்னிப்பு கேக்க வரல. ஓட்டுக் கேக்க வந்திருக்கேன். போடறவங்க போடுங்க. போடாதவங்களுக்கும் தண்ணி வரும்."

கூச்சல் போடச் சொல்லியிருந்த கூட்டம் கூச்சலை மறந்துவிட்டுக் கை தட்டியது. டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துபோனார். ஒருவழியாகச் சொன்னதும் எழுந்து நின்று, வசனம் எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எப்ப மாத்துனீங்க இதை? அட்டகாசம். உங்ககிட்ட இவ்வளவு சரக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாவம், இந்தத் தொடரில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். வசனம் தப்பித்தது, வேலை தப்பித்தது, தையல் கடையும் தப்பித்தது. ஆனால் என் அம்மா தொண்டை நரம்பு புடைக்கப் பேசிய பேச்சு இன்னொருவர் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும். யார் இந்தம்மா என்று மறுபடியும் ஒருத்தி என் கையைக் கிள்ளிக் கேட்பது போல இருந்தது. இதற்கும் தெரியாது என்றால் நான் மனுஷியே இல்லை.

"அது எங்க அம்மா பேசினது" என்றேன். சத்தமாகச் சொல்லத்தான் நினைத்தேன், பதினொரு வருடப் பழக்கத்தில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. மைக் உயிரோடு இருந்ததை மறந்துவிட்டேன்.

"அது எங்க அம்மா பேசினது" என்றார் மேடம், மேடை ஒலிபெருக்கியில், கணீரென்று.

மைதானம் முழுக்கக் கேட்டது. டைரக்டர் திகைத்துப்போய், "உங்க அம்மாவா மேடம்?" என்றார்.

மைக்கை அணைக்க விரல் போனது. அணைக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் சொல்லாமல் விட்டதை ஒலிபெருக்கியில் சொல்ல எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

"தையல் கடை எல்லாம் பொய்" என்றேன். மேடமும் சொன்னார். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கண் நேராக என் தடுப்பை நோக்கி வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை, அடுத்த வாக்கியத்துக்காகத் தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார்.

"எங்க அம்மாவும் இப்படி ஒரு வீடுதான் நடத்துனாங்க. தேர்தல்ல நின்னாங்க. அன்னிக்கு அவங்க யாருன்னு என்கிட்ட கேட்டதுக்கு, தெரியாதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும். அவங்க எங்க அம்மா."

மேடம் ஒரு சொல்லையும் விடவில்லை. பதினொரு வருடத்தில் அவர் வசனத்தைப் புரிந்து சொன்னது அதுதான் முதல்முறை. கடைசி மூன்று சொற்களில் அவர் குரல் உடைந்தது. பிறகு காதிலிருந்து கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டைரக்டரிடம் சொன்னார், "எங்க அம்மா இல்லைங்க. டீச்சரோட அம்மா."

தடுப்பை யாரோ விலக்கினார்கள். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. கூனிக் குறுகிப்போவேன் என்றுதான் இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன், எனக்கே என் உயரம் கொஞ்சம் கூடினது போல இருந்தது. டைரக்டர் வசனம் எழுதுகிறவரிடம், "தம்பி, அந்த மண்டியிடற பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். எழுதியவரே கிழித்தார். கிழித்துவிட்டு என்னிடம் வந்து, "மன்னிச்சுக்குங்க டீச்சர், எனக்குத் தெரியல" என்றார். மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி, எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை என்றேன். சிரித்துவிட்டார்.

மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். இரக்கமாக ஏதாவது சொல்வாரோ என்று எனக்கு உதறல். அவர் கேட்டது வேறு. "அம்மா எப்படி நின்னாங்க டீச்சர்? இன்னொரு தடவை எடுக்கணும், க்ளோசப் இருக்கு."

"ஒரு கை இடுப்புல. இன்னொரு கையில நாலா மடிச்ச ஒரு காகிதம். அதைப் பிரிக்கவே இல்ல."

"என்ன காகிதம்?"

"தெரியாது மேடம்." இந்தத் தடவை நிஜமாகவே தெரியாது.

காகிதம் கொண்டுவரச் சொல்லி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கருவியைக் காதில் வைக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அத்தனை வாக்கியத்தையும் சின்னப் பிள்ளை போலத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பாகம் ஒளிபரப்பானது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன். "தெரியாதவங்க கை தூக்குங்க" என்று திரையில் வந்ததும் அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் அசையவே இல்லை. "போடாதவங்களுக்கும் தண்ணி வரும்" என்று முடிந்து, விளம்பரம் வந்தது.

அம்மா திரும்பாமலே சொன்னாள், "காகிதத்தைக்கூடப் பாத்திருக்கியேடி."

"அன்னிக்கு நான் திடலுக்கு வந்திருந்தேம்மா. கூட வந்தவ நீ யாருன்னு கேட்டா. நான்..."

"தெரியும். மின்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னே. ரெட்டைச் சடை. கூட ஒரு குட்டைப் பொண்ணு. அவ எதோ கேட்டா, நீ தலையை ஆட்டுனே. என்ன கேட்டிருப்பா, என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷம் ஏம்மா கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லிட்டியே, ஊருக்கே கேக்கற மாதிரி."

நான் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"மன்னிப்புதான். கூட இருந்த கட்சிக்காரர் ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு. கடைசியில இதைப் படிச்சிட்டு ஒரு கும்பிடு போடு, ஜனங்க இளகிடுவாங்க, ஜெயிச்சிடலாம்னாரு. அவர் சொன்னது சரிதான். படிச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன். படிக்கலாம்னுதான் மேடை ஏறினேன்."

"அப்புறம் ஏன் படிக்கல?"

"நீ வந்து நின்னுட்டியே." அம்மா இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "உன்னை எதிர்ல வெச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டா, உனக்குப் போட்ட சோத்துக்கும் சேத்துல்ல மன்னிப்பு கேட்டதா ஆகும். தோத்தாலும் தோத்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

விளம்பரம் முடிந்து அந்த மேடை மறுபடியும் வந்தது. அம்மா ரிமோட்டை எடுத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினாள்.